புல்லை வாங்குமுன் மண்ணைப் பாருங்கள்

மழைக் காலம் தொடங்கிவிட்டால் எனது கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கியமானது, "நானா, வீட்டு முற்றத்துக்குப் போட நல்ல புல் எது?" என்பதாகும். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுவேன். தெரிந்த நர்சரிக்காரரின் இலக்கத்தையும் கொடுத்து, யூரியா இரண்டு கிலோவையும் கட்டிக் கொடுத்து, காசை வாங்கி லாச்சியில் போட்டுக் கொள்வேன். இப்பொழுது அப்படிச் செய்வதில்லை. "புல்லைப் பிறகு பார்ப்போம். உங்கள் வளவின் மண் எப்படி?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. விற்க வந்தவன் விசாரணை செய்கிறானே என்று முகம் சுளிக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு, கண்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீட்டு முற்றத்தில் புற்றரை அமைப்பது எப்படி, அதைப் பராமரிப்பது எப்படி என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

ஓய்வு பெற்ற ஆசிரியரின் முற்றம்

2015ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் என்னிடம் வந்தார். பணிக்கொடைப் பணத்தில் பெரும் பகுதியைப் போட்டு, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சரிவான காணியில் வீடு கட்டியிருந்தார். டிசம்பரில் மகளுக்குக் கலியாணம். முற்றத்தில் மூன்று பேர்ச்சஸ் அளவுக்குப் புல் போட வேண்டும் என்றார். நானே ஆள் பிடித்து, கார்பட் புல் என்று சொல்லப்படும் விரிப்புப் புல்லை ஒக்டோபரில் போட வைத்தேன். "தம்பி, இந்த மண்ணில் பிடிக்குமா?" என்று அவர் கேட்டார். "பிடிக்கும் சேர், யூரியா கொஞ்சம் போட்டால் போதும்" என்றேன். மண்ணை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கலியாணத்தன்று முற்றம் பச்சைப் பசேலென்று இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். பெப்ரவரியில் மஞ்சளானது. நான் மேலும் யூரியா கொடுத்தேன். மார்ச்சில் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. 2016 மே மாதம் நாடு முழுவதும் கொட்டிய அந்தப் பெருமழையில், வேரே பிடிக்காத புல் விரிப்பு பாய் சுருள்வது போலச் சுருண்டு, மண்ணையும் இழுத்துக் கொண்டு கீழ்வீட்டாரின் குசினிப் பக்கத்துக் கானுக்குள் போய் அடைத்துக் கொண்டது. கீழ்வீட்டுக் குசினிக்குள் சேற்றுத் தண்ணீர். அதுவரை ஒரு சண்டையும் இல்லாதிருந்த அயலவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள்.

ஆசிரியர் கடைக்கு வந்தார். ஏசவில்லை. "தம்பி, நீங்க எனக்குப் புல்லை வித்தீங்க. மண்ணைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல்லையே" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன். இந்த வார்த்தை இன்று வரை மறக்கவில்லை.

தவறு எங்கே நடந்தது?

புல்லில் எந்தக் குறையும் இருக்கவில்லை. நர்சரிக்காரர் நல்ல புல்லைத்தான் தந்திருந்தார். குறை அதன் கீழே இருந்தது.

கண்டியில் சமதரைக் காணி கிடைப்பது அரிது. மலைச்சரிவை பெக்கோ இயந்திரத்தால் வெட்டி, ஒரு பக்க மண்ணை மறுபக்கம் தள்ளி, சமப்படுத்தித்தான் நாம் வீடு கட்டுகிறோம். அப்படி வெட்டும்போது என்ன நடக்கிறது? பல்லாண்டு காலமாக இலை குழை உக்கி உருவான கறுத்த மேல்மண் முதலில் போய்விடுகிறது. அது ஒரு சாண் கூட இருக்காது. அதற்குக் கீழே வெளிப்படுவது, பாறை உக்கியும் உக்காமலும் கிடக்கும் சிவப்பும் மஞ்சளுமான அடிமண். வெட்டிய மண் மேட்டில் காக்காப்பொன் மின்னுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுதான் இந்த அடிமண். அதில் புல்லுக்கு வேண்டிய உணவும் இல்லை, மண்புழுவும் இல்லை. அதன் மேல் பெக்கோவும் டிப்பரும் ஏறி இறங்கி, சீமெந்துக் கலவையும் கல்லும் கொட்டி, மண் செங்கல் போல இறுகி விடுகிறது.

இந்த இறுகிய தரையின் மேல் விரிப்புப் புல்லைப் போட்டால், அது தன்னோடு கொண்டு வந்த அரை அங்குல மண்ணில் சில வாரம் உயிர் வாழும். மழைக் காலம் என்பதால் பச்சையாகவும் இருக்கும். வேர் கீழே இறங்க முடியாது. மழை நின்றதும் முதல் வெயிலில் காய்ந்துவிடும். நாமோ பசி என்று நினைத்து யூரியா போடுகிறோம். தாகத்தில் இருப்பவனுக்கு உப்புக் கொடுப்பது போன்றது அது. காய்ந்த மண்ணில் யூரியா வேரைக் கருக்கிவிடும். நான் செய்தது அதைத்தான்.

கண்டியின் மழையும் வெயிலும்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இதைப் பார்த்தால் புல்லுக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் இந்த மழை ஆண்டு முழுவதும் சமமாகப் பெய்வதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்து இடியோடு கூடிய கனமழை. டிசம்பரில் வடகீழ்ப் பருவ மழை. அதன் பிறகு ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை வரட்சி. ஆக, கண்டிப் புல்லுக்கு இரண்டு பரீட்சைகள் உண்டு. ஒன்று, ஒக்டோபர் மழையில் கழுவுண்டு போகாமல் இருப்பது. மற்றது, பெப்ரவரி வெயிலில் கருகாமல் இருப்பது. இரண்டிலும் சித்தியடைய வேண்டுமானால் வேர் ஆழமாக இருக்க வேண்டும்.

இன்னொரு விடயம். கண்டி மாவட்டம் முழுவதும் ஒரே காலநிலை அல்ல. பேராதனை, கம்பளைப் பக்கம் ஈரம் கூடுதல். குண்டசாலை தாண்டி திகன, தெல்தெனியப் பக்கம் போகப் போக வரட்சி கூடும். கம்பளையில் மச்சான் வீட்டில் செழித்த புல், திகனயில் உங்கள் வீட்டிலும் செழிக்கும் என்று சொல்ல முடியாது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய் அங்குள்ள புற்றரைகளைப் பார்த்து ஆசைப்பட்டு வருபவர்களும் உண்டு. அது 1,800 மீற்றருக்கும் மேலே உள்ள குளிர் பிரதேசம். அங்குள்ள புல்லை இங்கே தேடாதீர்கள்.

பார்க்க வேண்டுமானால் பேராதனைத் தாவரவியல் பூங்காவைப் பாருங்கள். 1821இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்கா, மகாவலி கங்கை வளைந்து ஓடும் இடத்தில் இருக்கிறது. பெருநாளுக்குப் பிள்ளைகளோடு போய் அந்தப் பெரிய புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிடாத கண்டிக் குடும்பம் குறைவு. அடுத்த முறை போகும்போது, வெயில் படும் இடத்தில் புல் எப்படி அடர்ந்திருக்கிறது, பெரிய மரத்தடியில் எப்படி மெலிந்திருக்கிறது என்று கவனியுங்கள். எந்தப் புத்தகமும் அதைவிடத் தெளிவாகச் சொல்லித் தராது.

செலவில்லாத மூன்று சோதனைகள்

ஒரு கடையை விலைக்கு வாங்குமுன் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, புல்லுக்குச் சல்லி கொடுக்குமுன் பின்வரும் சோதனைகளைச் செய்யுங்கள்.

1. அலவாங்குச் சோதனை: மழை பெய்த மறுநாள் அலவாங்கை முற்றத்தில் ஊன்றிப் பாருங்கள். கையால் அழுத்தி ஆறு அங்குலம் இறங்கினால் நல்லது. இரண்டு அங்குலத்தில் நின்றுவிட்டால் மண் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

2. குழிச் சோதனை: ஓர் அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்த பின் மீண்டும் நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்தால் பரவாயில்லை. மறுநாளும் தேங்கி நின்றால் அங்கே புல் அழுகும், பாசி பிடிக்கும்.

3. போத்தல் சோதனை: ஒரு கண்ணாடிப் போத்தலில் கால் பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் கீழேயும், வண்டல் நடுவிலும், களி மேலேயுமாகப் படியும். களி பாதிக்கு மேல் இருந்தால் மணலும் கூட்டெருவும் சேர்க்க வேண்டும். மணலே பெரும்பகுதியாக இருந்தால் கூட்டெரு மட்டும் கூடுதலாகச் சேர்க்க வேண்டும்.

இவற்றோடு மண்ணின் அமிலத் தன்மையையும் தெரிந்து கொள்வது நல்லது. விவசாயத் திணைக்களம் நமது பேராதனையிலேயே இருக்கிறது. கன்னொறுவையில் மண் பரிசோதனை செய்து கொள்ள வழியுண்டு. கண்டிப் பகுதி மண் பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது என்பதால் பலரும் கண்ணை மூடிக் கொண்டு டொலமைட் போடுகிறார்கள். ஆனால் திகன, மாத்தளைப் பக்கங்களில் சுண்ணக்கல் பாறை உண்டு. டொலமைட் தோண்டுவதே அந்தப் பக்கங்களில்தான். அங்குள்ள காணிக்கு மீண்டும் டொலமைட் போடுவது கடலுக்கு உப்பு விற்பது போலாகும்.

மண்ணைத் தயார் செய்தல்

ஆசிரியரின் முற்றத்தை இரண்டாம் முறை செய்தபோது கூலியை அவர் கொடுத்தார். மண்ணையும் எருவையும் என் செலவில் இறக்கினேன். அப்போது செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலில் கீழ்வீட்டாரிடம் இருவருமாகப் போய் மன்னிப்புக் கேட்டு, கானைத் துப்புரவாக்கிக் கொடுத்தோம். எனது காணியின் தண்ணீர் எங்கே போகிறது என்பது அயலவரின் உரிமையோடு சம்பந்தப்பட்ட விடயம். சரிவுக் காணியில் வாழ்பவர்கள் இதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து நீர் வடிகால். வீட்டுச் சுவரிலிருந்து விலகி, பத்து அடிக்கு இரண்டு அங்குலம் என்ற அளவில் முற்றம் தாழ வேண்டும். முற்றத்தின் கீழ் விளிம்பில் கல் பதித்த ஒரு சிறு கான் வெட்டி, பொதுக் கானோடு சேர்த்தோம். கூரைத் தண்ணீர் நேரே முற்றத்தில் விழாதபடி பீலியும் குழாயும் போட்டோம்.

பிறகு இறுகிய தரையை ஆறு அங்குல ஆழத்துக்கு அலவாங்காலும் மண்வெட்டியாலும் கொத்திக் கிளறினோம். கல், சீமெந்துக் கட்டி, ஆணி, பொலித்தீன் எல்லாவற்றையும் பொறுக்கினோம். மூன்று பேர்ச்சஸ் முற்றத்தில் ஒரு டிராக்டர் பெட்டி குப்பை வந்தது. அவ்வளவுக்கும் மேல்தான் முதல் தடவை புல் விரித்திருந்தோம்!

அதன் பின் மேல்மண். இதற்கு ஓர் எளிய கணக்குச் சொல்கிறேன், எழுதி வைத்துக் கொள்ளுங்கள். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. அதில் நான்கு அங்குலம் உயர்த்த ஏறத்தாழ 90 கன அடி வேண்டும். நமது நாட்டில் ஒரு கியூப் என்பது 100 கன அடி. அமுங்குவதையும் சேர்த்தால், ஒரு பேர்ச்சுக்கு ஒரு கியூப் என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். அந்த ஒரு கியூப்பில் முக்கால் பங்கு மண்ணும் கால் பங்கு நன்கு உக்கிய கூட்டெரு அல்லது மாட்டெருவும் இருக்கட்டும். பச்சைச் சாணி வேண்டாம், களை விதை முழுவதும் அதில் இருக்கும். புதுக் கோழி எருவும் வேண்டாம், சூட்டில் வேர் கருகும்.

டிப்பரில் வரும் மண்ணையும் கிளறிப் பாருங்கள். கோரைக் கிழங்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அது ஒரு முறை வந்துவிட்டால் பல வருடம் போகாது. பரிசோதனையில் மண் அமிலம் என்று தெரிந்தால், ஒரு பேர்ச்சுக்கு இரண்டு, மூன்று கிலோ டொலமைட் தூவிக் கிளறலாம். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. பசளையின் சத்து காற்றோடு போய்விடும். இரண்டு, மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

மண் பரப்பியதும் உடனே புல் நடாதீர்கள். தண்ணீர் தெளித்து மூன்று வாரம் சும்மா விடுங்கள். மண்ணில் ஒளிந்திருக்கும் களை எல்லாம் முளைத்துத் தலை காட்டும். அதை வேரோடு பிடுங்கிவிட்டு நடுங்கள். இந்த மூன்று வாரப் பொறுமை பின்னால் மூன்று வருட வேலையை மிச்சப்படுத்தும்.

எந்தப் புல்?

இப்பொழுதுதான் இந்தக் கேள்வி கேட்க வேண்டிய இடம். நர்சரிகளில் ஒரே புல்லுக்குப் பல பெயர் சொல்வார்கள். ஆகவே பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குங்கள்.

அகன்ற இலையுள்ள, நிலத்தோடு படர்ந்து ஓடும் புல்லை மலேசியன் புல் என்று விற்கிறார்கள். ஓரளவு நிழலையும் அமில மண்ணையும் ஈரத்தையும் தாங்கும். கண்டி நகரத்தைச் சுற்றியுள்ள, மரமும் மதிலும் நெருங்கிய வளவுகளுக்கு இதுவே பொருத்தம். வேர் மேலோட்டமானது என்பதால் வரட்சியில் முதலில் வாடுவதும் இதுதான்.

மெல்லிய இலையுள்ள புளூ கிறாஸ் வகை பார்க்க அழகு. ஆனால் முழு வெயில் வேண்டும், அடிக்கடி வெட்ட வேண்டும்.

சொய்சியா வகை அடர்த்தியாக, கம்பளம் போல வளரும். வரட்சியையும் பிள்ளைகளின் ஓட்டத்தையும் தாங்கும். வளர்ச்சி மெதுவானது. பரவ மாதக் கணக்கில் எடுக்கும் என்பதால் அவசரக்காரருக்கு ஏற்றதல்ல.

நமது அறுகம்புல்லை யாரும் மதிப்பதில்லை. வேர் ஆழமாக இறங்கும், வெயிலுக்கு அஞ்சாது. திகன, தெல்தெனியப் பக்கத்துத் திறந்த வளவுகளுக்கு நல்லது. நிழலில் வளராது. பூப்பாத்திக்குள் புகுந்துவிடும் என்பதால் ஓரத்தில் கல் வரிசை வைக்க வேண்டும்.

நடுவதில் மிச்சம் பிடிக்கலாம்

முற்றம் முழுவதும் விரிப்புப் புல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு சதுர அடிப் புல்லை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் 36 துண்டு வரும். அவற்றை ஆறு அங்குல இடைவெளியில் நட்டால் ஒரு சதுர அடிக்கு நான்கு துண்டு போதும். அதாவது ஒரு சதுர அடிப் புல்லில் ஒன்பது சதுர அடி நடலாம். மூன்று பேர்ச்சஸ் முற்றம் 816 சதுர அடி. அதற்கு 91 சதுர அடிப் புல் போதும். மிச்சமாகும் காசை மண்ணில் போடுங்கள். மழையோடு நட்டால் அகன்ற இலைப் புல் மூன்று, நான்கு மாதத்தில் மூடிவிடும்.

நடுவதற்கு ஏற்ற காலம் மே, ஜூன். ஒக்டோபர் தொடக்கத்திலும் நடலாம். ஆனால் சரிவுள்ள இடத்தில் கனமழை பிடிக்குமுன் வேர் பிடித்திருக்க வேண்டும். ஜனவரியில் நடாதீர்கள். ஆசிரியரின் முற்றத்தில் 2016 இறுதியில் நட நினைத்திருந்தோம். அவ்வருடக் கடைசியில் மழை பொய்த்ததால் பொறுத்து, 2017 மே மாத மழையோடுதான் நட்டோம்.

தண்ணீரும் வெட்டும் உணவும்

வேர் பிடிக்கும் வரை தினமும் நீர் வேண்டும். அதன் பின் மழை இல்லாத வாரத்தில் ஓர் அங்குலத் தண்ணீர் போதும். ஒரு பேர்ச்சுக்கு அது ஏறத்தாழ 640 லீற்றர். மூன்று பேர்ச்சுக்கு வாரம் 1,900 லீற்றர், மாதத்துக்கு எட்டு யூனிட். தண்ணீர் பில்லை நினைத்துப் பார்த்து முற்றத்தின் அளவைத் தீர்மானியுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட, வாரம் இரு முறை அதிகாலையில் ஆழமாக நனைப்பதே சிறந்தது. அப்போதுதான் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும். ஒரு வெற்றுச் செமன் டின்னை முற்றத்தில் வைத்து, அரை அங்குலம் நிறைந்ததும் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் டின்னை எடுத்துவிட மறக்காதீர்கள். டெங்கு நுளம்புக்கு அது போதும்.

தண்ணீர்த் தட்டுப்பாடான மார்ச் மாதத்தில் புல் பழுப்பாவதைக் கண்டு பயப்பட வேண்டாம். வேர் நன்றாக இருந்தால் ஏப்ரல் மழையோடு திரும்பி வரும். குடிக்கும் தண்ணீருக்கு ஊரே வரிசையில் நிற்கும்போது புல்லுக்குக் குழாயைத் திறந்து விடுவது அழகல்ல.

வெட்டுவதில் நமது ஊரில் பெரிய பிழை ஒன்று நடக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை ஆள் வந்து, தோளில் தொங்கும் இயந்திரத்தால் மண் தெரிய வழித்துவிட்டுப் போகிறார். ஒரு தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. அகன்ற இலைப் புல் இரண்டு அங்குல உயரம் நிற்கட்டும். நிழலில் இன்னும் சற்று உயரமாக விடுங்கள். மழைக் காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறையும் வரட்சியில் மாதம் ஒரு முறையும் போதும். ஈரப் புல்லை வெட்டாதீர்கள். வெட்டிய துண்டுகள் சிறியவையானால் அங்கேயே விடுங்கள், அதுவே பசளை.

யூரியா போடுவதானால் ஒரு பேர்ச்சுக்கு 200 முதல் 250 கிராம். அதற்கு மேல் வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் அடிக்க வேண்டும். மழைக் காலங்களில் வருடத்துக்கு இரண்டு, மூன்று தடவை போதும். கனமழைக்கு முன் போட்டால் பசளை மகாவலிக்குத்தான் போய்ச் சேரும். வருடத்துக்கு ஒரு முறை சலித்த கூட்டெருவை அரை அங்குலத்துக்கும் குறைவாகப் பரப்பி, விளக்குமாற்றால் புல்லுக்குள் தள்ளிவிடுங்கள். அதற்கு முன் முள்ளுக் கரண்டி போன்ற தோட்ட முள்ளால் ஆங்காங்கே குத்தித் துளையிட்டால் இறுகிய மண்ணுக்கு மூச்சு வரும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அந்த நவம்பரில் தடை நீக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகும் பசளை விலை எட்டாத உயரத்தில் இருந்தது. யூரியாவையே நம்பியிருந்த பல முற்றங்கள் அக்காலத்தில் வெளுத்துப் போயின. ஆசிரியரின் முற்றத்துக்கு வெட்டிய புல்லும் குசினிக் கழிவுக் கூட்டெருவும் மட்டுமே கிடைத்தன. அது பச்சையாகவே இருந்தது. முதலை மண்ணில் போட்டிருந்ததால் வந்த பலன் அது.

களையை மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்குவதே நல்லது. தொட்டாற்சுருங்கியை விதை கட்டுமுன் வேரோடு எடுங்கள். பாசி பிடித்தால் மருந்து தேடாதீர்கள், நிழலையும் தேங்கும் நீரையும் குறையுங்கள். புல் கையோடு பாய் போலக் கழன்று வந்தால், கீழே வேரைத் தின்னும் வெள்ளைப் புழுக்கள் இருக்கின்றனவா என்று தோண்டிப் பாருங்கள். ஊரோரத்து வளவுகளில் காட்டுப் பன்றி இரவில் வந்து முற்றத்தைக் கிளறுவதும் பெரும்பாலும் மண்ணிலுள்ள புழுவுக்காகத்தான்.

புல் போடக் கூடாத இடங்கள்

நாள் முழுவதும் வெயில் படாத இடத்தில் புல் போடாதீர்கள். நிழலில் வளரும் அலங்காரச் செடிகளோ, கல் பதித்த நடைபாதையோ போதும்.

செங்குத்தான சரிவு பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "நானா, புல் போட்டால் மண் சரியாது தானே?" என்று பலர் கேட்கிறார்கள். மழைத்துளி மேல்மண்ணைக் கழுவிச் செல்வதைப் புல் தடுக்கும். ஆனால் புல்லின் வேர் சில அங்குலம்தான். மலை சரிவது பல அடி ஆழத்திலிருந்து. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் மண்சரிவுகளால் பட்ட துயரத்தைக் கண்ட பின்னும், பச்சையாக இருக்கிறது என்பதற்காக ஒரு சரிவைப் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. சிறிய சரிவுகளில் குறுக்கு வரிசையாக வெட்டிவேர் நடலாம். சுவரிலோ நிலத்திலோ வெடிப்பு, மரம் சாய்தல், புதிதாக ஊற்று வருதல் போன்றவற்றைக் கண்டால் புல்லையும் கடையையும் மறந்துவிட்டு, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். மழை நாளானால் முதலில் வீட்டைவிட்டு வெளியேறுங்கள்.

வியாபாரிகளுக்கும் இளைஞர்களுக்கும்

இன்று கண்டியில் வீட்டுத் தோட்டப் பராமரிப்பை ஒரு தொழிலாகச் செய்யும் இளைஞர்கள் பெருகி வருகிறார்கள். முதல் குறைவு, தேவை அதிகம். நல்ல தொழில்தான். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புல்லை விற்று ஒரு தடவை சம்பாதிப்பதை விட, மண்ணைச் சரி செய்து கொடுத்து, பராமரிப்புக்கு மாதாமாதம் போய் வருவதில்தான் நிலையான வருமானம் இருக்கிறது. அலவாங்கைக் கையில் எடுக்காமல் விலை சொல்லாதீர்கள். "இந்த இடத்தில் புல் சரிவராது" என்று சொல்லத் தயங்காதீர்கள். அன்றைய வியாபாரம் போகும். ஆனால் அந்த வாடிக்கையாளர் நாளை நான்கு பேரை அனுப்புவார்.

என்னைப் போல் பொருள் விற்பவர்களுக்கும் இது பொருந்தும். பொருளில் குறை இல்லை என்பதோடு நமது பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. வாங்குபவரின் இடத்துக்கு அது உதவாது என்று தெரிந்தும், அல்லது தெரிந்து கொள்ள முயலாமலும், விற்றுவிட்டு வாய் மூடி இருப்பதும் ஒரு குறைதான். அந்த ஆசிரியரிடம் நான் வாங்கிய இலாபத்தை விடப் பன்மடங்கு அவர் முற்றத்தில் திருப்பி இறக்கினேன். அதை நான் நட்டக் கணக்கில் எழுதவில்லை.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் பேரப்பிள்ளைகள் பந்தடித்துக் கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டு முற்றத்திலும் அதே அகன்ற இலைப் புல். "இங்கேயிருந்துதான் ஒரு கூடை வெட்டிக் கொண்டு போனாங்க. மண்ணைக் கொத்தின பிறகு நடச் சொல்லிக் கொடுத்தேன்" என்றார் ஆசிரியர்.

இந்த வார இறுதியில் மழை பெய்தால், மறுநாள் அலவாங்கை எடுத்து முற்றத்தில் ஒரு தடவை ஊன்றிப் பாருங்கள். எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குறித்துக் கொண்டு கடைக்குப் போங்கள். எந்தப் புல் என்பதை அதன் பிறகு பேசலாம்.